அரிய ஒலிப்பதிவுகளைச் சேகரித்தல்



தபால் தலைகளைச் சேகரிப்போர் உண்டு; பழைய நாணயங்களைச் சேகரிப்போர் உண்டு; தீப்பெட்டிப் படங்களைச் சேகரித்துப் பாடப்புத்தகத்தின் நடுவே ஒளித்து வைப்போரும் உண்டு என்பதை, நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் பணியாற்றிய நான் நன்கு அறிவேன். இசைப் பதிவுகளைச் சேகரிப்பதும் அவ்வகையைச் சேர்ந்த ஒரு பழக்கமே. ஆயினும் மற்றவற்றில் இல்லாத ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. தபால் தலை அச்சாகி வெளிவந்த அன்றே அதன் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு அதனை யாரும் மாற்றுவதில்லை. ஒலிப்பதிவு அத்தகையதன்று. வாசித்த கலைஞர் மறைந்த பின்னரும் அதன்மீது பிறர் கை வைக்கலாம், குறைக்கலாம், கூட்டலாம், ஒருவர் வாசித்ததை நீக்கிவிட்டு அவ்விடத்தில் மற்றொருவரை வாசிக்கச் செய்யலாம். ஆகவே இவற்றைச் சேகரிப்பவர், எந்த ஒலி யாருடையது என்று பிரித்தறியும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார். அந்தப் பொறுப்பைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இதற்கு எடுத்துக்காட்டாக நான் கொள்வது, பல ஆண்டுகளாக நானே சேகரித்துவரும் பதிவுகளை. அவை அமெரிக்க நாட்டு ராக் இசைக் கலைஞரான ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்பாருடையவை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கும் ராக் இசைக்கும் என்ன உறவு என்று நீங்கள் வியக்கலாம். அவருடைய வாழ்க்கையையும், அவர் விட்டுச்சென்ற ஒலிநாடாக்களின் கதையையும் கேட்டால், இது ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் மிகவும் தேவையான பாடம் என்பதை ஒப்புக்கொள்வீர்கள்.

ஹென்ட்ரிக்ஸ் 1942 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 27 ஆம் நாள், அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் நகரில் பிறந்தார். அவர் இடக்கைப் பழக்கம் உடையவர். வலக்கைக்காரர்களுக்கென்று செய்யப்பட்ட கிதாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, தந்திகளை முறை மாற்றிக் கட்டி வாசித்தார். 1961 இல் இராணுவத்தில் சேர்ந்து, மறு ஆண்டே அதனின்றும் வெளிவந்தார். அதன்பின் லிட்டில் ரிச்சர்ட் முதலான புகழ்பெற்ற பாடகர்களுக்குப் பக்கவாத்தியமாகச் சில ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று வாசித்தார். 1966 ஆம் ஆண்டு செப்டம்பரில், சாஸ் சாண்ட்லர் என்னும் இசைக்கலைஞர் அவரை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்கே மிட்ச் மிட்செல் டிரம்ஸ் வாசிக்க, நோயல் ரெடிங் பேஸ் கிதார் வாசிக்க, மூவர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. அன்றிலிருந்து ஏறத்தாழ நான்கே ஆண்டுகள். 1970 செப்டம்பர் 18 ஆம் நாள் ஹென்ட்ரிக்ஸ் இலண்டனில் மறைந்தார். அப்பொழுது அவருக்கு வயது 27.

அந்த நான்கு ஆண்டுகளில், தம் பெயரால் வெளிவரவேண்டும் என்று அவர் திட்டமிட்டு அமைத்த பெரிய இசைத்தட்டுகள் நான்கு. 'ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட்', 'ஆக்ஸிஸ்: போல்ட் ஆஸ் லவ்' ஆகிய இரண்டும் 1967 இல் வெளிவந்தன. 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' என்பது 1968 இல் வந்தது. 'பாண்ட் ஆஃப் ஜிப்ஸிஸ்' என்பது 1970 இல் வந்தது. முதல் மூன்றும் ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவானவை. நான்காவது மேடையில் வாசித்தது. இவ்வளவே அவர் தம் கண்காணிப்பில் உலகுக்கு அளித்தவை எனலாம். ஆனால் அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும், உரிமை பெற்ற நிறுவனங்களின் வாயிலாகவே புதிது புதிதாகப் பதிவுகள் வந்தவண்ணம் இருக்கின்றன. நான்காக இருந்த தட்டுகள் பல பத்துகளாகப் பெருகிவிட்டன. மறைந்த மனிதர் எப்படி மேலும் மேலும் வாசிக்கிறார்? இக்கேள்வியிலிருந்துதான் சேகரிப்பாளரின் கல்வி தொடங்குகிறது.

இப்பதிவுகள் மூன்று ஊற்றுகளிலிருந்து வருகின்றன. ஒன்று, ஒலிப்பதிவுக்கூடத்தில் எஞ்சிய நாடாக்கள். இரண்டு, மேடைக் கச்சேரிகள். மூன்று, வானொலிக்காக வாசித்தவை. ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

முதலில் ஒலிப்பதிவுக்கூடம். அக்காலத்தில் அகன்ற காந்த நாடா ஒன்றில் பல தடங்கள் அருகருகே ஓடும். 1967 இல் இலண்டனில் ஹென்ட்ரிக்ஸ் பயன்படுத்தியவை நான்கு தடங்கள் கொண்ட கருவிகள். பின்னர் நியூயார்க்கில் தடங்களின் எண்ணிக்கை பெருகியது. ஒரு தடத்தில் டிரம்ஸ், மற்றொன்றில் பேஸ் கிதார், வேறொன்றில் குரல் என்று தனித்தனியே பதியலாம். ஒன்று சரியாக அமையாவிட்டால், மற்றவற்றைத் தொடாமல் அதனை மட்டும் அழித்துத் திரும்பப் பதியலாம். இந்த வசதி கிடைத்தபின் ஹென்ட்ரிக்ஸ் திருப்தி அடைவது அரிதாயிற்று. ஒரே பாட்டை மீண்டும் மீண்டும் வாசிப்பார்; நள்ளிரவு கடந்தும் வாசிப்பார். அவரை இலண்டனுக்கு அழைத்துவந்த சாண்ட்லரே இந்த முடிவில்லாத திருத்தத்தைப் பொறுக்கமாட்டாமல் 1968 இல் விலகிக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறர் கூடத்துக்கு வாடகை கொடுத்து மாளாது என்ற நிலையில், நியூயார்க்கில் தமக்கென்றே 'எலெக்ட்ரிக் லேடி' என்னும் ஒலிப்பதிவுக்கூடத்தைக் கட்டுவித்தார். 1970 ஆகஸ்டில் அதன் திறப்பு விழா நடந்தது. சில வாரங்களுக்குள் அவர் மறைந்துவிட்டார். கூடம் இன்றும் இருக்கிறது. கட்டியவர் அதனை அனுபவித்த காலம் மிகச் சிறிது.

ஆக, அவர் விட்டுச்சென்றவை முடிந்த பாடல்கள் மட்டுமல்ல; முக்கால் முடிந்தவை, பாதி முடிந்தவை, தொடங்கியவுடன் நிறுத்தியவை என்று நாடா நாடாவாகக் கிடந்தன. இவற்றின் அருமை என்ன? 'ஏஞ்சல்' என்னும் ஒரு பாட்டைச் சொல்கிறேன். ஹென்ட்ரிக்ஸின் தாயார் 1958 இல் இறந்தார். அப்பொழுது மகனுக்கு வயது 15. தாயைக் கனவில் கண்ட நினைவிலிருந்து இப்பாட்டு பிறந்தது என்பர். இதன் முதல் வரைவை அவர் 1967 இலேயே பதிந்தார். அதனை வெளியிடவில்லை. 1970 கோடையில் தம் சொந்தக் கூடத்தில் மீண்டும் எடுத்துப் பதிந்தார். முழு வடிவம் அவர் மறைவுக்குப் பின் 1971 இல் 'தி க்ரை ஆஃப் லவ்' என்னும் தட்டில் வந்தது. பழைய வரைவோ 1997 இல் 'சவுத் சாட்டர்ன் டெல்டா' என்னும் தொகுப்பில்தான் வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தாயைப் பற்றிய ஒரு மெட்டை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் மனத்தில் சுமந்து, தக்க வடிவம் கிடைக்கும்வரை காத்திருந்த ஒருவரை நீங்கள் காண்பீர்கள்.

கணக்குப் பரீட்சையில் விடைக்கு மட்டுமா மதிப்பெண் கொடுக்கிறோம்? செய்வழிக்கும் கொடுக்கிறோம் அல்லவா? விடை மட்டும் எழுதி வைத்திருந்தால், இவன் உண்மையிலேயே கணக்குப் போட்டானா, பக்கத்துப் பையனைப் பார்த்தானா என்று ஆசிரியருக்கு ஐயம் வரும். வெளிவந்த இசைத்தட்டு விடை. எஞ்சிய நாடா செய்வழி. மேதைக்கு எல்லாம் தானாகவே வந்துவிடும் என்று எண்ணி, நமக்கு வரவில்லையே என்று சோர்ந்துபோகும் மாணவர்கள் பலரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு இந்த வரைவுகளைப் போன்ற மருந்து வேறில்லை.

இரண்டாவது ஊற்று மேடைக் கச்சேரி. இங்கே பாட்டு ஒன்றுதான். ஆனால் ஒவ்வோர் இரவும் அது வேறாகிறது. நியூயார்க்கில் ஃபில்மோர் ஈஸ்ட் என்றோர் அரங்கு இருந்தது. 1971 இல் மூடப்பட்டுவிட்டது. 1969 டிசம்பர் 31 ஆம் நாள் இரவு இரண்டு கச்சேரிகள், மறுநாள் 1970 புத்தாண்டு இரவு இரண்டு கச்சேரிகள் என்று ஹென்ட்ரிக்ஸ் அங்கே நான்கு முறை வாசித்தார். அப்பொழுது பழைய குழு இல்லை. இராணுவத்தில் அவருக்கு நண்பரான பில்லி காக்ஸ் பேஸ் கிதாரும், பட்டி மைல்ஸ் டிரம்ஸும் வாசித்தனர். இக்கச்சேரிகள் பதிவானதற்கு ஒரு காரணம் உண்டு. 1965 இல், பெயர் தெரியாத வாத்தியக்காரராக இருந்தபொழுது, ஹென்ட்ரிக்ஸ் ஒரே ஒரு டாலரும் விற்பனையில் 1 சதவிகிதமும் பெற்றுக்கொண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டிருந்தார். அந்த வழக்கைத் தீர்ப்பதற்காக ஒரு முழு இசைத்தட்டைக் கொடுக்கவேண்டியதாயிற்று. அதுவே நான் முன்பு கூறிய 'பாண்ட் ஆஃப் ஜிப்ஸிஸ்'. படிக்காமல் கையெழுத்திடுவதன் விலை என்ன என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அத்தட்டில் இடம்பெற்றவை ஆறு பாடல்களே; எல்லாம் புத்தாண்டு இரவில் வாசித்தவை. அவற்றுள் 'மெஷின் கன்' என்பது 12 நிமிடங்களுக்கு மேல் நீளும் போர் எதிர்ப்புப் பாட்டு. வியத்நாமில் அப்பொழுது போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க நகர வீதிகளில் போராடுவோருக்கும் வியத்நாமில் போராடுவோருக்கும் சேர்த்தே அவர் அதனைக் காணிக்கையாக்கினார். துப்பாக்கிச் சத்தத்தையும் விமானத்தின் இரைச்சலையும் மனிதரின் ஓலத்தையும் ஆறு தந்திகளில் எழுப்பிக்காட்டினார். இருபத்தொன்பது ஆண்டுகள் உலகம் அந்த இரவுகளை முக்கியமாக இந்த ஒரு தட்டின் வழியாகவே அறிந்திருந்தது. 1999 இல் மேலும் இரண்டு குறுந்தகடுகள் வந்தன. 2019 இல் நான்கு கச்சேரிகளையும் வரிசைப்படி அடக்கிய ஐந்து குறுந்தகடுகள் வந்தன. இப்பொழுது அந்தப் பாட்டை நான்கு வடிவங்களில் கேட்கலாம். இரண்டே இரவுகள்; ஒரே அரங்கு; அதே மூவர். எனினும் நான்கும் நான்கு விதம். நம் பழைய நூல்களில் பாடபேதம் என்று சொல்கிறோமே, அது ஏடு எழுதினோரால் நேர்ந்த வேற்றுமை. இங்கே ஆசிரியரே தம் கையால் நான்கு பாடங்களைத் தந்திருக்கிறார். எது சிறந்தது என்று கேட்பதைவிட, ஒவ்வொன்றிலும் அவர் எதைத் தேடினார் என்று கேட்பதே நல்ல கேள்வி.

மூன்றாவது ஊற்று வானொலி. வானொலி நிலையத்தில் அமர்ந்து இதனைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. 1960களில் பிபிசி வானொலி ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் இசைத்தட்டுகளை ஒலிபரப்பக்கூடாது என்றொரு வரம்பு இருந்தது. இசைத்தட்டு நிறுவனங்களோடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவு அது. தட்டையே போட்டுக்கொண்டிருந்தால் வாசிப்போரின் பிழைப்பு என்னாவது என்பது சங்கத்தின் கவலை. ஆகவே பிபிசி கலைஞர்களைத் தன் கூடத்துக்கு வரவழைத்து, ஒலிபரப்புக்கென்றே வாசிக்கச் செய்து பதிவு செய்தது. 1967 இல் ஹென்ட்ரிக்ஸும் அவ்வாறு பலமுறை சென்று வாசித்தார். அங்கே ஓர் இரவு முழுவதும் திருத்திக்கொண்டிருக்க நேரமில்லை. விரைவில் முடித்தாக வேண்டும். அதனால் அப்பதிவுகளில், தட்டுகளில் காணாத ஒரு துடிப்பும் நேர்மையும் இருக்கின்றன. ஒரு நாள் அங்கு வந்திருந்த ஸ்டீவி வண்டர் என்னும் பாடகர் டிரம்ஸ் முன்னே அமர, இருவரும் சேர்ந்து விளையாட்டாக வாசித்ததும் பதிவாயிற்று.

ஒலிபரப்பு என்பது காற்றோடு போவது என்றே அந்நாளில் எல்லோரும் கருதினர். நாடா விலை உயர்ந்தது. பிபிசி தன் நாடாக்கள் பலவற்றை அழித்துத் திரும்பப் பயன்படுத்தியது. அந்த வழக்கத்துக்குத் தப்பிப் பிழைத்தவையே இன்று நமக்குக் கிடைப்பவை. 1988 இல் 'ரேடியோ ஒன்' என்ற பெயரிலும், பின்னர் 1998 இல் விரிவாக 'பிபிசி செஷன்ஸ்' என்ற பெயரிலும் அவை வெளிவந்தன. தொழிலாளர் உடன்பாடு ஒன்று, எண்ணாமலே ஒரு கலைச் செல்வத்தை உண்டாக்கிற்று. நாடாவின் விலை அதில் எவ்வளவை அழித்ததோ!

மாணவர்களே, இதுவரை சொன்னவை இனிய செய்திகள். இனிச் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது; அதுவே இவ்வுரையின் மையமும் ஆகும்.

ஹென்ட்ரிக்ஸ் மறைந்த சில ஆண்டுகளில், எஞ்சிய நாடாக்களை ஆளும் பொறுப்பு ஆலன் டக்ளஸ் என்னும் தயாரிப்பாளர் கைக்கு வந்தது. நாடாக்களில் கிதாரும் குரலும் நன்றாக இருக்கின்றன; மற்ற வாத்தியங்கள் வெளியிடும் தகுதியில் இல்லை என்று அவர் கருதினார். ஆகவே ஹென்ட்ரிக்ஸோடு உடனிருந்து வாசித்தவர்களின் பகுதிகளை நீக்கிவிட்டு, அவரோடு என்றுமே சேர்ந்து வாசித்திராத கூலி வாத்தியக்காரர்களை அமர்த்தி, அவ்விடங்களில் புதிதாக வாசிக்கச் செய்தார். 1975 இல் 'க்ராஷ் லாண்டிங்', 'மிட்நைட் லைட்னிங்' என்னும் இரண்டு தட்டுகள் இவ்வாறு வந்தன. முன்னது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம்வரை ஏறியது. அதில் சில பாடல்களுக்கு, ஆக்கியோர் பெயரில் தம் பெயரையும் டக்ளஸ் சேர்த்துக்கொண்டார்.

நினைவில் வையுங்கள்: இவை திருட்டுப் பதிவுகள் அல்ல. உரிமை பெற்ற நிறுவனம், முறையான முத்திரையோடு, கடைகளில் விற்றவை. அதிகாரபூர்வமானது என்றால் உண்மையானது என்று எண்ணுவோர் இங்கே சற்று நின்று யோசிக்கவேண்டும்.

'கம் டவுன் ஹார்ட் ஆன் மீ' என்றொரு பாட்டு 1975 தட்டில் கூலி வாத்தியங்களோடு இருக்கிறது. 2000 ஆம் ஆண்டில் வந்த நான்கு குறுந்தகட்டுத் தொகுப்பில் அதே பாட்டை மிட்செலும் காக்ஸும் உடன் வாசிக்க, 1970 இல் பதிந்தபடியே கேட்கலாம். வேற்றுமை எங்கே இருக்கிறது? புதியவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர், தாளம் பிசகவில்லை. ஆனால் உடன் வாசிப்பது என்பது ஒருவர் சொல்வதற்கு மற்றவர் மறுமொழி கூறுவது. மிட்செல் ஓர் அடி கூட்டினால், கிதார் அதற்கேற்பத் திரும்பும். கிதார் தயங்கினால் டிரம்ஸ் காத்திருக்கும். மறைந்தவரின் வாசிப்புக்கு உயிரோடிருப்பவர் ஈடுகொடுக்கலாம். மறைந்தவர் திரும்ப ஈடுகொடுக்க முடியாது. அங்கே உரையாடல் இல்லை. ஒரு பக்கத்துப் பேச்சே இருக்கிறது.

மாணவன் எழுதிய கட்டுரையை ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துகிறார். அதில் குற்றமில்லை; எது மாணவன் எழுதியது, எது ஆசிரியர் எழுதியது என்று மையின் நிறமே சொல்லிவிடும். ஆனால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, மாணவனின் கையெழுத்தைப் போலவே தாமே எழுதி, அவன் பெயரைத் தலைப்பில் இட்டுப் போட்டிக்கு அனுப்பினால் அதற்குப் பெயர் என்ன? நம் இலக்கியங்களில் இடைச்செருகலைக் கண்டு அறிஞர்கள் வருந்துவதும் இதனாலேதான்.

நடுநிலை தவறாமல் வேறொன்றையும் சொல்லவேண்டும். 1971 இல் வந்த 'தி க்ரை ஆஃப் லவ்' தட்டிலும் அவர் மறைவுக்குப் பின் சேர்த்த ஒலி உண்டு. 'டிரிஃப்டிங்' என்னும் பாட்டில் வைப்ரஃபோன் என்ற உலோகத் தகட்டு வாத்தியம் பிறகு சேர்த்ததே. ஆனால் அதனை மேற்பார்த்தவர்கள், அவரோடு நாள்தோறும் உழைத்த ஒலிப்பொறியாளர் எடி கிராமரும், டிரம்ஸ் வாசித்த மிட்செலும். அவர் மனத்தில் இருந்ததை அருகிலிருந்து கேட்டறிந்தவர்கள் அவர்கள். உடன் வாசித்தவர்களை வெளியே தள்ளாமல், குறைந்த இடத்தை நிரப்பினார்கள். சேர்ப்பது வேறு, நீக்கிவிட்டுச் சேர்ப்பது வேறு. அதுபோலவே, டக்ளஸின் காலத்தில்தான் 1988 வானொலிப் பதிவுகளும் உள்ளபடியே வெளிவந்தன என்பதையும் மறக்கக்கூடாது. ஆளை வைத்து அன்று, செயலை வைத்தே தீர்ப்புச் சொல்லவேண்டும்.

ஹென்ட்ரிக்ஸின் தந்தையார் ஆல் ஹென்ட்ரிக்ஸ் தோட்டவேலை செய்து பிழைத்தவர். தம் மகனுக்கு முதல் மின்கிதாரை வாங்கிக் கொடுத்தவர். நெடிய வழக்குக்குப் பின் 1995 இல் மகனுடைய இசையின் உரிமை அவருக்கு வந்தது. குடும்பத்தார் நிறுவனம் ஒன்றை அமைத்து, எடி கிராமரைத் திரும்ப அழைத்து, பழைய நாடாக்களை ஆராய்ந்து வெளியிடத் தொடங்கினர். 1997 முதல் வந்தவை பெரும்பாலும் இவ்வாறு வந்தவையே. பதிவான நாள், இடம், உடன் வாசித்தோர் ஆகிய விவரங்களை உறையினுள் வைத்த சிறு நூலில் அச்சிட்டார்கள்.

1998 இல் அவர்கள் செய்த வேறொரு செயல் எனக்கு மிகவும் பிடித்தது. ஒலித்தரம் குறைந்த, ஆனால் வரலாற்று மதிப்புள்ள கச்சேரிகளை வெளியிடுவதற்காக 'டாகர் ரெக்கார்ட்ஸ்' என்னும் தனி முத்திரையைத் தொடங்கினார்கள். அதன் முதல் வெளியீடு, 1969 ஏப்ரல் 27 ஆம் நாள் கலிபோர்னியாவிலுள்ள ஓக்லண்டு நகரில் நடந்த கச்சேரி. அதனைப் பதிந்தவர் நிபுணர் அல்லர். கூட்டத்தில் அமர்ந்து கேட்ட ஓர் இரசிகர். இரைச்சல் உண்டு, தெளிவு குறைவு. குறையை மறைக்காமல், இது இத்தகையது என்று சொல்லியே விற்றார்கள். பளபளப்பான 1975 தட்டையும் கரகரக்கும் இந்த ஓக்லண்டுப் பதிவையும் என் அலமாரியில் அடுத்தடுத்தே வைத்திருக்கிறேன். செவிக்கு இனியது முன்னது, நம்பத்தக்கது பின்னது.

ஆயினும் குடும்பத்தார் வெளியிட்டவையும் முழுமையானவை என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. 1969 ஆகஸ்டு 18 ஆம் நாள், திங்கட்கிழமை காலை, வுட்ஸ்டாக் விழாவில் ஹென்ட்ரிக்ஸ் வாசித்தார். விழா ஞாயிறு இரவோடு முடியவேண்டியது. நேரம் நீண்டுகொண்டே போய், பெருங்கூட்டம் கலைந்து சென்ற பிறகே அவர் மேடை ஏறினார். தம் நாட்டுத் தேசிய கீதத்தைக் கிதாரில் குண்டு வெடிக்கும் ஓசையோடு வாசித்ததும் அன்றுதான். அன்று அவரோடு லாரி லீ என்னும் நண்பரும் இரண்டாவது கிதார் வாசித்தார். சில பாடல்களைப் பாடவும் செய்தார். 1999 இல் வந்த 'லைவ் அட் வுட்ஸ்டாக்' குறுந்தகடுகளில் லாரி லீ பாடியவை இடம்பெறவில்லை. கேட்பவர் நாடுவது ஹென்ட்ரிக்ஸைத்தானே என்று பதிப்பித்தோர் கருதியிருக்கலாம். ஆனால் நண்பரை முன்னே பாடவிட்டுத் தாம் பின்னே நின்று வாசித்தாரே, அதுவும் ஹென்ட்ரிக்ஸின் இயல்பு அல்லவா? அதனை நீக்கியபோது அவரையே ஓரளவு நீக்கிவிட்டார்கள் என்பது என் கருத்து.

இங்கே உங்களுள் சிலர் ஒரு கேள்வி கேட்கக்கூடும். 'ஐயா, திருத்தித் திருத்தி மனநிறைவு கொள்ளாத ஒருவரின் வரைவுகளை அவர் அனுமதி இல்லாமல் உலகுக்குக் காட்டுவது முறையா? தாம் வெளியிட விரும்பாததைத்தானே அவர் ஒதுக்கி வைத்தார்?' நியாயமான கேள்வி. எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. என்னுடைய மாணவப் பருவத்துக் குறிப்பேடுகளை எவரேனும் அச்சிட்டால் நானும் மகிழமாட்டேன்.

என் முடிவை மட்டும் சொல்கிறேன். வரைவை வரைவு என்று சொல்லி வெளியிட்டால் அது கலைஞருக்கு இழுக்கு ஆகாது, படிப்போருக்கு நன்மையே. வரைவை முடிந்த நூல் என்று காட்டி வெளியிட்டால், அது மறைந்தவரின் வாயில் நம் சொல்லைத் திணிப்பதாகும். அவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. மறுக்க முடியாதவரிடத்தில் நேர்மையாக நடந்துகொள்வதே பெரிய நேர்மை. அதனை வெளியிடுவோர் கடைப்பிடிக்கவேண்டும். அவர்கள் தவறினால், கேட்பவராவது கடைப்பிடிக்கவேண்டும்.

எப்படி என்று கேட்பீர்கள். நான் ஒரு தடித்த கோடிட்ட குறிப்பேடு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பக்கம். அதில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுவேன். இது எந்த நாளில், எந்த இடத்தில் பதிவாயிற்று? உடன் வாசித்தவர் யார்? பின்னர் எவரேனும் எதனையேனும் சேர்த்தனரா, நீக்கினரா? இதனை வெளியிட்டவர் யார், எந்த ஆண்டில்? நான்குக்கும் விடை கிடைத்த பின்னரே ஐந்தாவதாக, என் செவிக்கு எப்படி இருந்தது என்று எழுதுவேன். விடை கிடைக்காத இடத்தில் கேள்விக்குறி இட்டு வெறுமையாக விட்டுவிடுவேன். அந்தக் குறிப்பேட்டில் இன்னும் நிரம்பாத கட்டங்கள் பல உண்டு. வெற்றுக் கட்டம் பொய்யான விடையைவிட மேலானது.

இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. அரிய தட்டு ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி, உறையைப் பிரிக்காமலே பூட்டி வைப்போர் உலகில் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ப்பது அட்டையும் தகடுமே தவிர இசையை அன்று. இன்று நீங்கள் கைப்பேசியிலேயே பெரும்பாலானவற்றைக் கேட்டுவிடுகிறீர்கள், அதில் தவறில்லை. ஆனால் அங்கே உறை இல்லை. சிறு நூல் இல்லை. சிறிய எழுத்தில் அச்சிட்ட விவரங்கள் கண்ணில் படுவதில்லை. 1967 வரைவும் 1970 முடிவும் ஒரே பெயரில் அடுத்தடுத்து வந்துவிடும். ஆகையால் முன்னைவிட இப்பொழுதுதான் அந்த நான்கு கேள்விகள் அதிகம் தேவைப்படுகின்றன. ஹென்ட்ரிக்ஸைத்தான் கேட்கவேண்டும் என்பதும் இல்லை. உங்களுக்குப் பிடித்த எந்தப் பாடகரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மேடையில் பாடியது ஒன்றும் கூடத்தில் பாடியது ஒன்றும் தேடிக் கேளுங்கள். வேற்றுமையை நாலு வரியில் எழுதிப் பாருங்கள்.

இந்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டை எடுத்து, முதல் பக்கத்தில் ஒரே ஒரு பாட்டின் பெயரை எழுதித் தொடங்குங்கள். அந்தப் பாட்டில் யார் டிரம்ஸ் வாசித்தார், யார் பேஸ் வாசித்தார் என்று கண்டுபிடித்து, அவர்கள் பெயரையும் எழுதுங்கள். முன்னே நிற்பவரின் பெயர் உறையில் பெரிதாக இருக்கும். பின்னே அமர்ந்து வாசித்தவர்களின் பெயரை எவரும் அழித்துவிடாமல் காப்பதற்கு உங்கள் குறிப்பேடு ஒன்றேனும் இருக்கட்டும்.